நிபந்தனையோடு திறக்கும் கதவு: பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுவழியால் போகலாமா?

உயர்தரப் பெறுபேறு வரும் நாளைவிட வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளே எமது குடும்பங்களை அதிகம் கலக்குகின்றது. பெறுபேறு வந்த அன்று மூன்று பாடமும் சித்தி என்று அயலுக்கெல்லாம் சொல்லியாயிற்று. மாதங்கள் கழித்து வெட்டுப்புள்ளி வரும்போது பிள்ளை ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் இசட் புள்ளியின் ஒரு சிறு பின்னத்தால் தவறிப் போயிருக்கும். அதன் பிறகுதான் மற்றக் கடிதங்களும் விளம்பரத் தாள்களும் வீட்டுக்கு வரத் தொடங்குகின்றன. "முதலில் இந்த அடிப்படைக் கற்கைநெறியை முடியுங்கள். இத்தனை புள்ளி எடுங்கள். பின்னர் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வோம்."

இப்படியான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கேட்கும் பெற்றோரை கற்பிட்டி, ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி என்று நாம் போகும் இடமெல்லாம் காண்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டு இக்கரையில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உயர்தரம் எழுதுகிறார்கள். காணியை இழந்த குடும்பத்துக்குப் படிப்பு ஒன்றுதான் யாரும் பறிக்க முடியாத சொத்து என்பது இங்கு எல்லா வீடுகளிலும் கேட்கும் பேச்சு. அதனாலேயே படிப்பு என்று யார் எதை நீட்டினாலும் வாங்கிவிடும் ஆபத்தும் எமக்கு இருக்கிறது.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுகின்றனர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான். ஆகவே இடம் கிடைக்காத பிள்ளை படிக்காத பிள்ளை அல்ல. இதை வீட்டில் உரக்கச் சொல்ல வேண்டும். தோல்வி என்ற வெட்கத்தில் இருக்கும் குடும்பம்தான் கடிதத்தை வாசிக்காமல் கையொப்பமிடுகிறது.

பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் தகுதியின்படியும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. புத்தளம் அந்தப் பதினாறில் ஒன்று. மன்னாரும் அப்படியே. இங்கே எமது மக்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 2009இன் பின்னர் பல குடும்பங்கள் இரண்டு ஊர்க் குடும்பங்களாகி விட்டன. வாப்பா முசலியில் பழைய காணியைத் துப்புரவாக்குகிறார். உம்மாவும் பிள்ளைகளும் பாடசாலைக்காகக் கற்பிட்டிப் பக்கம் இருக்கிறார்கள். வாக்காளர் பதிவு ஓரிடம், குடும்ப அட்டை இன்னோரிடம். பாடசாலை மூலம் தோற்றும் பிள்ளையின் மாவட்டத்தைத் தீர்மானிப்பதோ, உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதே. வாப்பாவின் காணி எங்கே இருக்கிறது என்பது அங்கே கணக்கில் வராது. பத்தாம் வகுப்புக்கும் பதின்மூன்றாம் வகுப்புக்கும் இடையில் பிள்ளையை இங்கும் அங்கும் மாற்றும் பெற்றோர் இதை அறிந்துகொண்டு மாற்றட்டும். வெட்டுப்புள்ளிக்காக மட்டும் பிள்ளையை நல்ல ஆசிரியரிடமிருந்து பிரித்துக்கொண்டு போவதை நாம் ஆதரிக்க மாட்டோம். ஆசிரியர் இல்லாத பாடசாலையில் குறைந்த வெட்டுப்புள்ளியும் எட்டாத உயரம்தான்.

இனி நிபந்தனை வழிக்கு வருவோம். இது புதிய சரக்கல்ல. 1991ஆம் ஆண்டளவில் அரசாங்கம் மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகளைத் திறந்தது. எமது வடமேல் மாகாணத்தில் மாக்கந்துரையிலும் குளியாப்பிட்டியிலும், வடக்கே வவுனியாவிலும் அவை இயங்கின. உயர்தரத்தில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக இடம் கிடைக்காத பிள்ளைகள் அங்கே விவசாயம், கணக்கியல் போன்ற துறைகளில் இரண்டு வருட டிப்ளோமா படித்தார்கள். பெயரில் பல்கலைக்கழகம் இருந்தது. கிடைத்ததோ டிப்ளோமா. பட்டம் வரை தொடர வழி வேண்டும் என்று மாணவர்கள் குரல் எழுப்ப வேண்டியதாயிற்று. பின்னர் நிலைமை மாறியது. வடமேல் மாகாணக் கல்லூரி ரஜரட்ட பல்கலைக்கழகத்தின் வயம்ப வளாகமாகி, 1999இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வவுனியாக் கல்லூரி 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. போரினால் படிப்பைத் தொடர முடியாதிருந்த முஸ்லிம் மாணவர்களுக்கென 1995 ஒக்டோபரில் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியோ அடுத்த ஆண்டு மே மாதமே பல்கலைக்கழகமாகிவிட்டது.

இந்த வரலாற்றை இரண்டு விதமாக வாசிக்கலாம். சிறிய வாசலால் நுழைந்தவர்கள் பெரிய வீட்டையே கட்டிக்கொண்டார்கள் என்பது ஒன்று. நிறுவனம் வளர்ந்தது, ஆனால் முதல் தொகுதிப் பிள்ளைகள் சேரும்போது அவர்கள் கையில் பட்டத்துக்கான எழுத்து எதுவும் இருக்கவில்லை என்பது மற்றொன்று. பிற்காலத்தில் கல்லூரி பல்கலைக்கழகமாகும் என்று நம்பி ஒரு குடும்பம் இன்று கடன்பட முடியாது. கையில் உள்ள கடிதத்தில் இருப்பதுதான் கணக்கு.

இன்று எமது பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய வழிகளில் பழையதும் நம்பகமானதும் 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். உயர்தரம் சித்தியடையாதவரும் அதன் அடிப்படைக் கற்கைநெறியில் சேர்ந்து, அதை முடித்துப் பட்டப்படிப்புக்குள் போகலாம். சமூகக் கல்வியில் அடிப்படைக் கற்கைநெறி தமிழிலும் உண்டு. அங்கிருந்து கலைத்துறைக்கும், தெரிவுப் பரீட்சையில் தேறினால் சட்டத்துறைக்கும் போக வழி இருக்கிறது. வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. அதுவே அதன் பெரிய ஆபத்தும். தண்ணீர் இறைப்பும் களை பிடுங்கலும் காத்திராது. பாடப் புத்தகம் காத்திருக்கும். தொடர் மதிப்பீட்டில் தேறாதவர் இறுதிப் பரீட்சைக்கு அமர முடியாது. வெங்காயம் கிண்டும் கிழமையில் ஒப்படை கொடுக்கும் திகதி வந்தால் வீட்டில் யார் விட்டுக்கொடுப்பது என்பதைச் சேர்வதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கட்டணமும் உண்டு. அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரி மாணவருக்குக் கட்டணமில்லை, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம் என்ற வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது வழி தொழிற்கல்வியின் ஊடாகப் போவது. தேசிய தொழிற்றகைமை 5ஆம், 6ஆம் மட்டங்களை முடித்தவர்கள் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது இரத்மலானையில் இருக்கிறது. அதற்குக் கீழ் மட்டக் கல்விக்கான பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஒன்று குளியாப்பிட்டியில் உண்டு. விண்ணப்பிக்கலாம் என்றுதான் எழுதினோம், சேர்க்கப்படுவார் என்று எழுதவில்லை. இடங்கள் அளவானவை, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. ஆனால் இந்த வழியில் எமக்குப் பிடித்த ஒரு குணம் இருக்கிறது. இடையில் நின்றாலும் கையில் ஒரு தகைமை இருக்கும், அதைக் காட்டி வேலை கேட்கலாம்.

விவசாயப் பீடத்துக்கு ஆசைப்பட்டுத் தவறிய பிள்ளைக்கு வவுனியா போன்ற இடங்களிலுள்ள விவசாயக் கல்லூரிகளின் டிப்ளோமாவை நாம் துணிந்து சொல்வோம். பேராதனை கிடைக்கவில்லை என்று அழும் பிள்ளைக்கு அது சின்ன ஆறுதலாகத்தான் தெரியும். ஆனால் சொட்டு நீர்ப்பாசனத்தையும் மண் பரிசோதனையையும் படித்த ஒரு பிள்ளை கற்பிட்டி மணலில் எவ்வளவு செய்யலாம்! 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டபோது எந்தப் பயிருக்கு எதை இடுவதென்று கேட்க ஆளில்லாமல் நின்ற தோட்டக்காரருக்கு அது விளங்கும்.

மூன்றாவது வழி தனியார் நிறுவனங்களின் அடிப்படை ஆண்டு. நகரத்திலே ஒரு வருடம், பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்பார்கள். இதிலும் நல்லவை உண்டு. பார்க்க வேண்டியது பட்டம் தருவது யார் என்பதை. உள்ளூர் நிறுவனமே பட்டம் தருவதாயின் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அந்தக் குறித்த பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு பட்டத்தில் அங்கீகாரம் இருப்பது மற்றப் பட்டத்துக்குப் போதாது. வெளிநாட்டுப் பட்டமாயின் அப்பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ உள்ளதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டறியலாம். 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடனைப் பற்றியும் சொல்வார்கள். வட்டி இல்லாவிட்டாலும் முதல் கட்டத்தான் வேண்டும். விதை வெங்காயத்துக்குப் பட்ட கடனோடு அதைச் சேர்த்துப் பாருங்கள்.

கடிதத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேட வேண்டியது ஒரு சொல்லை. "சேர்க்கப்படுவார்" என்று இருக்கிறதா, "பரிசீலிக்கப்படுவார்" என்று இருக்கிறதா? முதலாவது வாக்குறுதி. இரண்டாவது வெறும் மரியாதை. அடுத்து, கேட்கும் புள்ளி எல்லாப் பாடத்துக்கும் தனித்தனியா, சராசரியா என்று பாருங்கள். சராசரி 60 எடுக்கக்கூடிய பிள்ளைக்கு ஒவ்வொரு பாடத்திலும் 60 என்பது வேறு மலை. ஆங்கிலத்தில் பலவீனமான எமது பிள்ளைகள் அந்த ஒரு பாடத்திலேயே நின்றுவிடலாம். புள்ளி எடுத்த பிறகும் "இடம் இருந்தால்" என்ற நிபந்தனை உண்டா? தவறினால் மீண்டும் எழுத விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா? இடையில் விலகினால் கையில் ஏதாவது சான்றிதழ் உண்டா, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? இவற்றில் எதற்காவது வாயால் மட்டும் பதில் வந்தால் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். தர மறுப்பதும் ஒரு பதில்தான்.

ஏற்றுக்கொள்வதால் வேறு எந்தக் கதவு மூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். முதல் தடவையில் சிறு பின்னத்தால் தவறிய பிள்ளைக்கு இரண்டாம் தடவை நியாயமான வழி. ஆனால் விருப்பமில்லாத அரச கற்கைநெறி ஒன்றில் "இப்போதைக்கு" என்று உள்வாரி மாணவராகப் பதிந்துவிட்டு, அடுத்த ஆண்டு நல்ல பெறுபேற்றோடு மாறலாம் என்று எண்ணுவோர் கவனிக்க: ஒருமுறை பதிந்தவரை மீண்டும் தெரிவு செய்வதற்கு விதிகள் தடையாக நிற்கும். பதிவதற்கு முன் அவ்வாண்டு ஆணைக்குழு வெளியிட்ட கைநூலில் அந்தப் பகுதியைப் பாடசாலை அதிபரோடு இருந்து வாசியுங்கள். கைநூல் தமிழிலும் வருகிறது.

எமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். முதற்படியே தன்னளவில் பயனுள்ளதாக இருந்தால் நிபந்தனையை ஏற்கலாம். பிள்ளை நிபந்தனையில் தவறினாலும் கையில் தொழிலோ தகைமையோ மிஞ்ச வேண்டும். கடைசிப் படியில் மட்டும் பலன் இருந்து, அதுவரையுள்ள படிகள் வெறும் கட்டணமாக இருந்தால் வேண்டாம் என்போம். அந்த வருடத்தை மீண்டும் உயர்தரம் எழுதக் கொடுங்கள். எந்த வழியானாலும் முதல் வருடக் கட்டணத்துக்காகக் காணி உறுதியை அடகு வைக்காதீர்கள். முப்பது வருடம் கழித்து மீட்ட காணியை ஒரு கடிதத்தை நம்பி மறுபடியும் இழப்பதா?

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். கொழும்பு என்றால் தங்குமிடம் வேண்டும். "மகளுக்கு நிபந்தனை வழி போதும், மகனுக்கு மீண்டும் பரீட்சை" என்று பிரிக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறோம். மகளின் பெறுபேறு மகனுடையதைவிட நல்லதாக இருந்த வீடுகளும் அவற்றில் உண்டு. தங்குமிட வசதி என்ன என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். தூரத்தைக் காரணம் காட்டுமுன் தூரத்தின் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு வசதி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் எவரும் தமிழில் எழுதிக் கேட்கலாம். அரச நிறுவனங்களோடு, சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனங்களும் இதற்குள் அடங்கும். விண்ணப்பத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி இரண்டு போதும்: கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த அடிப்படைக் கற்கைநெறியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டப்படிப்புக்குள் போனார்கள்? தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஆகவே கடிதம் வந்த அன்றே விண்ணப்பத்தை அனுப்புங்கள். பணம் கட்டும் கடைசித் திகதிக்கு முன் பதில் கையில் இருக்கட்டும்.