துப்பாக்கிக் குழல் முனையில் பொருத்தும் பொருள்கள் - உழவர்கள் அறிய வேண்டிய சட்டம்

கொல்லிமலையில் மரவள்ளியும் சாமையும் விளையும் நிலங்கள் பல காட்டை ஒட்டியே அமைந்துள்ளன. கிழங்கு முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவு இறங்கினால், ஓராண்டுப் பாடு வீணாகிவிடும். ஆகவே, பரண் கட்டிக் காவல் இருப்பதும், குழல் வாய் வழியாகக் கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் காவலுக்கு வைத்துக்கொள்வதும் மலை உழவர்களிடையே நெடுநாளைய வழக்கமாகும். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். ஆனால், அதன் குழல் முனையில் பொருத்தும் சிறு குழாய்க்கும் சட்டம் உண்டு என்பதை அறிந்தவர் குறைவு. அறியாமையால் சிறை செல்ல நேரிடலாம் என்பதால் இதனை விளக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் துப்பாக்கிகளைப் பற்றிய சட்டம் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமாகும். இது 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. சுடும் படைக்கலம் எது என்பதை இதன் 2ஆம் பிரிவு வரையறுக்கிறது. சுடும்போது எழும் ஓசையையோ, தீப்பளிச்சையோ குறைப்பதற்காகச் செய்யப்பட்ட துணைப் பொருளும் அந்த வரையறையில் அடங்கும். துப்பாக்கியின் உறுப்புகளும் அவ்வாறே அடங்கும்.

இதன் பொருள் என்னவெனில், 'சைலன்சர்' எனப்படும் ஓசை குறைக்கும் குழாய் தனியே ஒரு துப்பாக்கிக்குச் சமம். அதைத் துப்பாக்கியில் மாட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டியில் கிடந்தாலும் உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றமே. பரணில் போட்டு வைத்த பழைய குழலுக்கும் விசைப் பகுதிக்கும் இதே விதி பொருந்தும்.

பயிர்க்காவல் உரிமம் போதுமா?

போதாது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 13ஆம் பிரிவு வழி செய்கிறது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், குழல் 20 அங்குலத்திற்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். ஆனால், உரிமத்தில் எந்தத் துப்பாக்கி குறிக்கப்பட்டுள்ளதோ, அதற்கு மட்டுமே அந்த உரிமம் செல்லும். ஓசை குறைக்கும் குழாயை அது உள்ளடக்காது.

குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் உரிமம் இன்றிச் செய்யக்கூடாத செயலாகும் (6ஆம் பிரிவு). மழைநீர் புகாமல் குழல் வாயில் செருகும் தக்கை, தோல் உறை, மருந்து கெட்டிக்கும் கம்பி ஆகியவை ஓசையைக் குறைப்பதற்கானவை அல்ல. ஆகவே அவை இந்தத் தடையில் வருவதில்லை. ஆயினும் தக்கையை எடுக்காமல் சுட்டால் குழல் வெடித்துச் சுடுபவரைக் காயப்படுத்தும் என்பதை மறக்கலாகாது.

தண்டனை

2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தண்டனைகள் கடுமையாகியுள்ளன.

1. உரிமம் இன்றி வைத்திருந்தால் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

2. உரிமம் இன்றிச் செய்தாலோ, விற்றாலோ, குழலைக் குட்டையாக்கினாலோ 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. அது ஆயுள் தண்டனை வரை நீளலாம்.

இரண்டாவது தண்டனையை ஊர்க் கொல்லரும் லேத் பட்டறை வைத்திருப்பவரும் கவனிக்க வேண்டும். தெரிந்தவர் கேட்டார் என்று ஒரு குழாயைக் கடைந்து கொடுப்பவருக்கு, அதை வைத்திருப்பவரைவிடக் கூடுதல் தண்டனை கிடைக்கும்.

காவலுக்கு இது உதவுமா?

பன்றியை விரட்டுவது வெடியோசையே. ஓசையை அடக்கிவிட்டால் காவலின் பயனே போய்விடுகிறது. ஓசையின்றிச் சுடுவது வேட்டைக்கே உதவும். அதிகாரிகளும் அதை அவ்வாறே கருதுவர். மேலும், எங்கே துப்பாக்கி வெடிக்கிறது என்று தெரியாவிட்டால், இரவில் பக்கத்து வயலில் காவல் இருப்பவர் ஒதுங்க வழியில்லை. பட்டறையில் ஒட்டவைத்த குழாய் நேர்கோட்டில் அமையாவிட்டால் குண்டு அதில் மோதிக் குழாய் சிதறும். கரிமருந்தின் புகைக்கரி அதில் விரைவில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாமா?

துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்ல முயல்வதும், கண்ணி வைப்பதும், நஞ்சு வைப்பதும் வேட்டையே. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முறைப்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். உழவர் தாமே சுடுவதற்கு இதில் இடமில்லை.

உழவர்கள் செய்ய வேண்டியவை

* பயிர்ச் சேதம் ஏற்பட்டால் உடனே வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து இழப்பீடு கோருங்கள்.

* உரிமத்தின் காலம் 5 ஆண்டு. முடியும் தேதியைக் குறித்து வைத்து, முன்னதாகவே புதுப்பிக்க மனுச் செய்யுங்கள்.

* உரிமம் பெற்றிருந்த தந்தை காலமானால், துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுங்கள். பின்னர் வாரிசு என்ற முறையில் உரிமம் கோரி மனுச் செய்யலாம்.

* உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியோ, குழலோ, ஓசை குறைக்கும் குழாயோ வீட்டில் இருந்தால் மண்ணில் புதைக்கவோ, பிறர் கையில் கொடுக்கவோ வேண்டாம். சட்ட ஆலோசனை பெற்று ஒப்படைப்பதே முறை. பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. இதற்கு நாமக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

* குழல் முனைக் குழாயை வேறு பெயரில், வேறு பயனுக்கென்று யாரேனும் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். பொருளின் பெயர் எதுவாயினும், அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதையே சட்டம் பார்க்கும்.

ஒரு போகம் மரவள்ளி போனால் அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். குடும்பத் தலைவர் சிறை சென்றால் நிலம் தரிசாகக் கிடக்கும். எனவே உழவர்கள் உரிமத்தில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டத்திற்கு உட்பட்ட வழிகளில் பயிரைக் காத்துப் பயனடைய வேண்டும்.