ட்ரோன் ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்!

ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, நாகபுரியிலேயே தங்கிவிட்டவன் நான். சென்ற செப்டம்பரில் என் தங்கை மகன், வர்தா அருகே ஒரு பருத்திக் காட்டில் ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பதைக் காட்ட என்னை அழைத்துப் போனான். முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவன்.

மழை விட்டு வெயில் சுளீரென்று அடித்தது. திரை கண்ணைக் கூசியதால், குனிந்து தன் உடம்பாலேயே அதற்கு நிழல் கொடுத்தான். பக்கத்தில் பம்புசெட் இரைச்சல். சுற்றிலும் பிள்ளைகள். காட்டுக்காரர் ஏக்கருக்கு என்ன கூலி என்கிறார். நானும் சும்மா இராமல், "பாட்டரி எவ்வளவு நேரம்டா நிற்கும்?" என்றேன். அவன் பதில் சொல்ல நிமிர்ந்தான். அப்போதுதான் வேப்பமரத்துக்குப் பின்னால் மின்கம்பி என் கண்ணில் பட்டது. "நிறுத்துடா!" என்று கத்தினேன். பத்தடி தூரத்தில் ட்ரோன் நின்றது.

அவன் கைத்திறனில் குறையில்லை. சூழல்தான் அவனை ஏமாற்றியது. விமானத்தில் இருப்பவருக்குக் காற்றின் உதறலும் எஞ்சினின் ஒலியும் உடம்பிலேயே தெரியும். தரையில் நிற்பவருக்குக் கண்ணும் காதும்தான் துணை. அமெரிக்கப் பொறியாளர் மிக்கா எண்ட்ஸ்லி 1995-இல் இந்த விழிப்பை மூன்று படிகளாக விளக்கினார்: சுற்றிலும் இருப்பதைக் காண்பது, அதன் பொருளை உணர்வது, அடுத்து நடக்கப்போவதைக் கணிப்பது. முதல் படி சறுக்கினால் மற்ற இரண்டும் இல்லை.

எனக்கு 1983 நினைவுக்கு வந்தது. ஒரு வளைவில் குனிந்து தண்டவாளத்தை அளந்துகொண்டிருந்தேன். அருகில் கல் உடைக்கும் இயந்திரத்தின் சத்தம். எங்கள் கொடிக்காரர் விசில் ஊதியும் காதில் விழாமல், ஓடி வந்து என்னை இழுத்துத் தள்ளினார். அடுத்த கணம் சரக்கு ரயில் கடந்தது. வேலை செய்பவன் கண் வேலையில்தான் இருக்கும். அதனால்தான் பார்ப்பதற்கென்றே தனியாக ஓர் ஆள்.

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. ஆனால் மரத்துக்குப் பின்னால் இருக்கும் கம்பியை அந்த வரைபடம் காட்டாது. இப்போது என் மருமகன் முதலில் காட்டைச் சுற்றி நடந்து பார்க்கிறான். குடை நிழலில் நிற்கிறான். கயிறு கட்டிக் கூட்டத்தை விலக்குகிறான். வானத்தை மட்டும் பார்க்க ஒரு பையனை வைத்திருக்கிறான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்தொழிலுக்கு வருகிறார்கள். பார்க்கப் போனால், அது தரையிறங்கும் வரை பேச்சுக் கொடுக்காதீர்கள். அன்று கம்பியைக் கண்டவனும் நான்தான். அவன் கவனத்தைக் கலைத்தவனும் நான்தான்.