கம்பி போடுவதற்கு முன் கழுவ வேண்டும்

பைக் விபத்தில் கணைக்கால் எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தால், வீட்டார் முதலில் கேட்பது, "கம்பி எப்போ போடுவீங்க சிஸ்டர்?" என்றுதான். ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் செவிலியர் நான். கம்பி அப்புறம், முதலில் காயம் சுத்தமாக வேண்டும் என்பேன்.

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். தோல், அதற்கடியில் உடனே எலும்பு. தொடையெலும்புக்கு இருக்கும் சதைக் காவல் இதற்கு இல்லை. அடிபட்டால் தார்ச்சாலை மண்ணும் கிரீஸும் பேன்ட் நூலும் எலும்பு வரைக்கும் போய்விடும்.

மயக்க மருந்து கொடுத்ததும் காயத்தை இன்னும் பெரிதாகத் திறப்பார்கள். சலைனை லிட்டர் கணக்கில் ஊற்றிக் கழுவுவோம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, சோப்புக் கரைசலைவிட வெறும் சலைனே மேல் என்று காட்டியது. பிறகு செத்த சதையை வெட்டுவார்கள். கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா என்று ஒவ்வொரு விரற்கடையாகப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. சதையோடு ஒட்டில்லாத எலும்புத் துண்டையும் எடுத்துவிடுவார்கள். "எலும்பையே எடுத்துட்டாங்களே" என்று தாய்மார்கள் அழுவார்கள். அம்மா, அது உயிரில்லாத எலும்பு. உள்ளே விட்டால் சீழ் வைக்கும். எடுத்த இடத்தை ரஷ்ய மருத்துவர் இலிசரோவ் காட்டிய வளையக் கம்பி முறையில், நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் எலும்பு வளர்த்து நிரப்ப முடியும்.

அடுத்து மூடுவது. திறந்து கிடக்கும் எலும்பு காய்ந்து சாகும். ஸ்லோவேனியாவின் மார்கோ கொடினா தொகுத்த 532 நோயாளிகளின் விவரங்கள் 1986-இல் வெளியாயின. 72 மணி நேரத்துக்குள் உடலின் வேறிடத்துச் சதையை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து மூடியவர்களில் 1.5 சதவீதம் பேருக்கே கிருமித்தொற்று; அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் மூடியவர்களில் 17.5 சதவீதம். எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் முதல் நாளே சேர்ந்து நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

காலைக் காப்பாற்ற முடியுமா? இதற்கு உலகம் பயன்படுத்தும் அளவுகோல்களில் ஒன்று நம் கோவை கங்கா மருத்துவமனையில் பிறந்தது, 2006-இல் வெளியானது. தோல், எலும்பு, தசை நரம்புச் சேதத்துக்கு மதிப்பெண். சர்க்கரை நோய், தாமதம் போன்றவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண். 14 வரை என்றால் காப்பாற்றப் பார்க்கலாம். 17-ஐ எட்டினால் பெரும்பாலும் எடுப்பதே நல்லது. இடைப்பட்டதை அனுபவம்தான் தீர்மானிக்கும். காலை எடுக்கச் சொல்லும் மருத்துவரைக் கைவிட்டவராக நினைக்காதீர்கள். பல ஆண்டு சீழோடும் கடனோடும் கிடக்காமல், செயற்கைக்காலில் நடந்து வேலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காயத்தில் காபித்தூளோ மஞ்சளோ அப்பாதீர்கள். நாட்டுக்கட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கால் அசையாமல் கட்டி, 108-ஐ அழையுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது. தமிழ்நாட்டில் 2021 முதல், சாலை விபத்தில் சிக்கியவருக்கு, ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரம்புக்குள், அரசே பணம் கட்டுகிறது. பணம் புரட்டிக்கொண்டு வீட்டிலேயே நிற்காதீர்கள்.