வெப்மெயில்: அழகைவிட பராமரிப்பே முக்கியம்

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் பலர், வெப்மெயில் மென்பொருளைத் திரையின் அழகைப் பார்த்தே தேர்ந்தெடுத்து விடுகிறார்கள். இது ஆபத்தானது.

மெயில்கள் வெப்மெயிலில் இருப்பதில்லை, சர்வரில்தான் இருக்கின்றன. ஐமேப் முறையில் அவற்றை எடுத்து பிரவுசரில் காட்டுவதே வெப்மெயிலின் வேலை. ஆனால் எல்லோருடைய பாஸ்வேர்டும் அதன் வழியாகவே போகிறது. எனவே அதில் ஓட்டை இருந்தால் அனைவரின் கடிதங்களும் பிறர் கைக்குப் போய்விடலாம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: இதை இன்றும் பராமரிக்கிறார்களா? ஒரு காலத்தில் பரவலாக இருந்த ஸ்குரில்மெயிலின் 1.4.22 பதிப்பு வந்தது 2011-இல். அதன் பிறகு புதிய நிலையான பதிப்பு வரவில்லை. அழகாக இருக்கிறது என்பதற்காக இத்தகையதை நிறுவக் கூடாது.

அடுத்த கேள்வி: அப்டேட் செய்ய நம்மிடம் ஆள் இருக்கிறாரா? ரவுண்ட்கியூப் இன்றும் பராமரிக்கப்படுகிறது. ஆனாலும் அதில் சுமார் பத்தாண்டுகள் மறைந்திருந்த பெரிய ஓட்டை 2025 ஜூனில் வெளியே தெரிந்தது. ஒரே ஒருவரின் பாஸ்வேர்டு கிடைத்தாலும் சர்வரையே கைப்பற்ற அது வழிவிட்டது. 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. அவற்றுக்கு மாறாதவர்களுக்கு அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

பழைய மென்பொருளைக் கைவிடத் தயங்க வேண்டாம். மெயில்கள் சர்வரிலேயே பத்திரமாக இருக்கும். அதில் சேமித்த முகவரிப் பட்டியலை மட்டும் முன்னதாகவே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.