மடித்து வைத்த பரிந்துரைச் சீட்டு

"ஸ்கூலுக்கே டாக்டருங்க வந்து பாத்தாங்கக்கா. ஏதோ சீட்டு குடுத்தாங்க. எங்க வெச்சேன்னு தெரியல."

மனு எழுதித் தரச் சொல்லி வரும் தாய்மார்களிடம் நான் அதிகம் கேட்டது இதுதான். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு பக்கமிருந்து வருகிறவர்கள் இப்படிச் சொல்வார்கள். காரில் வந்து இறங்குகிறவர்களோ, "எங்க ஸ்கூலுக்கு அப்படி யாருமே வரலையே" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பாதிக்கப்படுவது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும்.

அந்தச் சீட்டு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தை இங்கே எல்லோரும் ஆர்.பி.எஸ்.கே. என்கிறார்கள். அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையில் 30 பிரச்சினைகளைப் பார்ப்பார்கள். பார்ப்பதோடு அவர்கள் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போக வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. காது, கண், பேச்சு, நடை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்து, தெரபி வரை கொண்டுபோவதற்காகத்தான் அந்த மையங்களையே ஏற்படுத்தினார்கள்.

ஆனால் சீட்டை வாங்குவது பிள்ளை. அது ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் போகும், பிறகு துவைக்கப் போட்ட சீருடைக்குள் போகும். ஆசிரியர் கடமை முடிந்தது என்று நினைக்கிறார், மருத்துவக் குழு அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறது. "எத்தனை பேரைப் பரிசோதித்தோம்" என்ற கணக்கை எல்லா அதிகாரிகளும் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் எழும்பூர் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் மேசை மேல் ஃபைல் தேடுகிறார்கள்.

ஆகவே, சீட்டு கைக்கு வந்த அன்றே போட்டோ எடுங்கள். பின்பக்கம் பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு) எண் எழுதுங்கள். தொலைந்துவிட்டால் தலைமை ஆசிரியரிடம் போய்ப் பரிசோதனைப் பதிவின் நகலைக் கேளுங்கள். "அடுத்த வருஷம் வருவாங்க, அப்ப பாத்துக்கலாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள். சில சிகிச்சைகளுக்கு வயது வரம்பு உண்டு. காதுகேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் செய்ய 6 வயதுக்குள் போயாக வேண்டும். ஐந்தரை வயதில் தொலைத்த மாதங்களுக்கு மாற்று கிடையாது.

தனியார் பள்ளிப் பெற்றோர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அந்தக் குழு உங்கள் பள்ளிக்கு வராது. ஆனால் எழும்பூர் வாசலில் எந்தப் பள்ளிப் பிள்ளை என்று கேட்டுத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். இதில்தான் மக்கள் இரண்டு விதமாகவும் தவறு செய்கிறார்கள். சிலர் வாங்குவதே இல்லை. "பேருக்குக் களங்கம், நாளைக்குக் கல்யாணம் ஆகாது" என்பது அவர்கள் பயம். மற்றவர்கள், சான்றிதழ் வந்தால்தான் பள்ளியில் எதையும் கேட்க முடியும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிகளும் அப்படித்தான் சொல்லி அனுப்புகின்றன. அது தவறு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-வது பிரிவு, ஊனத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. பிள்ளைக்குத் தேவையான நியாயமான வசதி செய்து தரவும் சொல்கிறது. அதற்கு 40 சதவீதக் குறைபாடு என்ற எல்லை கிடையாது. 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்ற 31-வது பிரிவுக்குத்தான் அந்த 40 சதவீதம் வேண்டும். இரண்டையும் குழப்பாதீர்கள். தலைமை ஆசிரியர் குழப்பினால், பிரிவு எண்ணோடு எழுதிக் கொடுங்கள்.

சான்றிதழ் வாங்கும் வழி, மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளம். ஆதார், சமீபத்திய போட்டோ, முகவரிச் சான்று வைத்து விண்ணப்பித்து, ஒதுக்கும் அரசு மருத்துவமனைக்குப் பழைய சிகிச்சைத் தாள்களோடு போக வேண்டும். தனியார் டாக்டர் எத்தனை பெரியவராக இருந்தாலும் அவர் கடிதம் சான்றிதழ் ஆகாது, துணை ஆவணம் மட்டுமே. முக்கியமான எச்சரிக்கை: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து மாறி, எமிஸில் இனிஷியல் முன்னே பின்னே. இந்த மூன்றும் ஒன்றாக இல்லாமல் விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் தரும் சான்றிதழ் பல நேரம் தற்காலிகமானது, மறுபரிசீலனைத் தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். உங்கள் வீட்டுச் சான்றிதழை இப்போதே எடுத்துத் தேதியைப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கப் போகும்போதுதான் காலாவதியானது கண்ணில் படுகிறது. குறைபாடு இல்லை என்று மருத்துவமனை சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். 59-வது பிரிவின்படி மேல்முறையீடு உண்டு, அதற்கு அந்தத் தாள் வேண்டும்.

இனி தினசரி பிரச்சினைக்கு வருகிறேன். வலிப்பு வரும் பிள்ளை. பள்ளியிலிருந்து வாரத்துக்கு இரண்டு போன்: "வந்து கூட்டிட்டுப் போங்க." அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் கணக்குக் கேட்கிறார்கள், சம்பளத்தில் பிடிக்கிறார்கள். கடைசியில் பிள்ளையே பள்ளிக்குப் போவதில்லை. நம் பெரும்பாலான பள்ளிகளில் நர்ஸ் கிடையாது. ஆசிரியர் பயப்படுவது இயற்கை. ஆனால் அவர் பயத்துக்கு மருந்து ஒரே ஒரு தாள்தான். பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடம் தமிழில் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள்: நோயின் பெயர், மருந்து, அளவு, பள்ளி நேரத்தில் கொடுக்க வேண்டியது என்ன, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது என்ன. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கத்தையும் அந்தக் கடிதத்திலேயே டாக்டர் மறுத்து எழுதட்டும். நாம் சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று தலைமை ஆசிரியருக்கு, இன்னொன்றில் அவர் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை. முத்திரை இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். முதுகுத்தண்டுக் குறைபாட்டால் டியூப் வைத்துச் சிறுநீர் எடுக்கும் பிள்ளைக்கும், இன்சுலின் போடும் பிள்ளைக்கும் இதே கடிதம்தான். அவர்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள சுத்தமான ஓர் இடமும் வேண்டும், அதையும் டாக்டரே எழுதித் தர வேண்டும்.

அரசுப் பள்ளியானால் எமிஸில் பிள்ளை சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தையாகப் பதிவாகியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் இயன்முறைப் பயிற்சி, உபகரண முகாம், துணைக்கு வருபவருக்கான படி எல்லாம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் வரும். சிறப்புப் பயிற்றுநர் என்றைக்கு வருகிறார் என்பதை வட்டார வள மையத்தில் கேட்கலாம். தொடக்க நிலையில் 10 பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடப்பது என்ன என்பது நீங்கள் அறிந்ததே. 1985-ல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியாகத் தொடங்கிய வித்யாசாகர் நம் கோட்டூர்புரம் ரஞ்சித் சாலையிலேயே இருக்கிறது. அந்தத் தெரு வழியாகத் தினமும் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் என்னிடம் வந்து, "பிசியோ எங்கக்கா கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். "வீட்டிலேயே வந்து சொல்லிக் கொடுப்போம்" என்று பள்ளி ஆசை காட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் வீட்டுவழிக் கல்வியைக் கடும் குறைபாடுள்ள பிள்ளைக்கு உரிமையாகத் தருகிறது. கேட்பது நீங்களாக இருக்க வேண்டும், பள்ளி தள்ளிவிடுவதற்கு அது வழியல்ல. சக்கர நாற்காலியில் வரக்கூடிய பிள்ளையை வீட்டுவழிப் பட்டியலில் சேர்க்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுப்பெல்லாம் வாயால்தான் நடக்கும். "இடமில்ல, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்பதை எந்தப் பள்ளியும் எழுதித் தராது. அன்று மாலையே நீங்கள் எழுதுங்கள்: இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்னார் இப்படிச் சொன்னார், இது தவறு என்றால் ஏழு நாளில் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வி உதவி எண்ணான 14417-க்குப் போன் செய்வதும் நல்லதுதான், ஆனால் போனை நம்பித் தாளை விட்டுவிடாதீர்கள். திங்கள்கிழமை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர். வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரையைப் பெற்ற அதிகாரி மூன்று மாதத்துக்குள் என்ன செய்தேன் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். மனுவோடு டாக்டர் கடிதம், முத்திரை போட்ட நகல், பரிந்துரைச் சீட்டு மூன்றின் நகலையும் வையுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை நகலோடு பின் அடித்து வையுங்கள். அந்த ரசீதின் மை சில மாதத்திலேயே மங்கிவிடும், அதையும் போட்டோ எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.