ஹாக்கர் 125: ஐம்பதாண்டு கண்ட அலுவல் வானூர்தி

வானூர்தி என்றவுடன் முந்நூறு பேரைச் சுமந்து செல்லும் பெருங்கலமே நம் நினைவில் எழுகின்றது. எட்டுப் பேர் அளவில் அமர்ந்து செல்லும் அலுவல் ஜெட் வானூர்திக்கும் தனி வரலாறு உண்டு. அவற்றுள் நடுத்தர அளவினதாகிய ஹாக்கர் 125, அரை நூற்றாண்டுக் காலம் உற்பத்தியில் நிலைத்தது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம், ‘டவ்’ என்னும் தன் பழைய வானூர்திக்கு மாற்றாக இதனை வடிவமைத்தது. 1962 ஆகஸ்டு 13 அன்று இது முதன்முதலாகப் பறந்தது. இறக்கையை உடற்பகுதியின் ஊடே செலுத்தாமல் அதன் அடியில் பொருத்தினர்; ஆதலின் பயணிகள் அறை தடையின்றி அமைந்தது. இரு பொறிகளும் வாற்பக்கம் நின்றன.

தொடக்கத்தில் பொருத்தப்பெற்ற வைப்பர் பொறிகளில், உட்புகும் காற்று முழுவதும் எரிகலத்தின் வழியாகவே சென்று மிகுவேகத்துடன் வெளிப்பட்டது. விளைவு, பேரிரைச்சலும் எரிபொருட் செலவும். 1976இல் பறந்த 700 வரிசையில், அமெரிக்கக் கேரட் நிறுவனத்தின் டர்போஃபேன் பொறிகள் இடம்பெற்றன. இதன் முகப்பு விசிறி, காற்றின் பெரும்பகுதியை எரிகலத்தைச் சுற்றி வெளியே தள்ளுகின்றது. சிறிதளவு காற்றைக் கடுவேகத்தில் தள்ளுவதினும் மிகுதியான காற்றை மிதவேகத்தில் தள்ளுவதே சிக்கனம். இம்மாற்றத்தையே இவ்வானூர்தியின் இரண்டாம் பிறப்பு என்போம் நாம். 1983இல் வந்த 800 வரிசையோ வளைந்த முகப்புக் கண்ணாடி, நீண்ட இறக்கை, விமானி முன் மின்னணுத் திரைகள் ஆகியவற்றைப் பெற்றது.

1988 ஆகஸ்டு 7 அன்று அவ்வரிசையைச் சார்ந்த ஒன்றில் போட்ஸ்வானாக் குடியரசுத் தலைவர் மசிரே பயணம் செய்தார். அங்கோலா வான்வெளியில் போர் விமானம் ஒன்று அதன்மீது ஏவுகணை எய்தது. வெப்பத்தை நாடும் அக்கணை பொறி ஒன்றைத் தாக்க, அப்பொறி கழன்று வீழ்ந்தது. பொறி உடலுக்குப் புறத்தே இருந்தமையால் இறக்கை தப்பியது என்பது எம் கருத்து. எஞ்சிய ஒற்றைப் பொறியைக் கொண்டே விமானி தரையிறக்கினார். தலைவர் காயமுற்றார், எனினும் உயிர் பிழைத்தார்.

வானூர்தி நிலைத்தது, உரிமையாளரோ நிலைக்கவில்லை. ஹாக்கர் சிட்லி, பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1993இல் அமெரிக்க ரேதியான், 2007இல் ஹாக்கர் பீச்கிராஃப்ட் எனக் கைமாறிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உருவான பின், இறுதி நிறுவனம் 2012இல் கடன் சுமையால் நீதிமன்றத்தை நாடியது. 2013இல் உற்பத்தி முற்றுப்பெற்றது.