பனிநாட்டிலிருந்து ஒரு பேட்மிண்டன் வீரர்

பின்லாந்து என்றால் ஐஸ் ஹாக்கியும் பனிச்சறுக்கும்தான் நம் நினைவுக்கு வரும். ஏறக்குறைய 55 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டிலிருந்து பேட்மிண்டனில் பெயர் வாங்கியவர், 1994-ல் பிறந்த காலே கோல்யோனென்.

2021-ல் உக்ரைனின் கீவ் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தது. ஆடவர் ஒற்றையரில் அது டென்மார்க்கின் கோட்டை. அந்நாட்டின் அக்செல்சென், அன்டோன்சென் போன்றவர்கள் களத்தில் இருந்தார்கள். அங்கே அரையிறுதி வரை வந்து வெண்கலம் வென்றார் கோல்யோனென். அப்போது அவருக்கு வயது 27. பதின்வயதிலேயே பட்டங்களைக் குவிப்பவர்கள் நிறைந்த ஆட்டத்தில், இப்படி நிதானமாக மேலேறுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார்.



ஹெல்சிங்கியை ஒட்டிய வான்டா நகரில் 2023 முதல் ஆர்க்டிக் ஓப்பன் என்ற சூப்பர் 500 தரப் பேட்மிண்டன் போட்டி நடக்கிறது. உலகின் முன்னணி வீரர்களைப் பின்லாந்துச் சிறுவர்கள் இப்போது உள்ளூரிலேயே நேரில் பார்க்கிறார்கள்.